நடுங்கும் சக்கரமும் நாணயமும்

ஒரு குற்றம் புலப்படாத வேளையில் அக்குற்றம் உண்டா, இல்லையா? இவ்வினா ஏட்டறிஞர்க்கு மட்டும் உரியதன்று. பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் எவரும் ஒருநாள் இதற்கு விடை கூறியே தீரவேண்டும்.

1985ஆம் ஆண்டு வெளிவந்த முதற் புரோட்டோன் சாகா போன்ற பழைய வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துச் செம்மண் பாதையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது சாதுவாய்ச் செல்லும். பட்டணத்துத் தெருவிலும் அங்ஙனமே. அதே வண்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையேறி 90, 100 என விரைந்ததும் ஸ்டீரிங் வளையம் கைகளில் நடுங்கத் தொடங்குகிறது. வேகத்தைத் தணித்தால் நடுக்கமும் ஒடுங்குகிறது. உடனே உடையவர், "வண்டிக்கு ஒன்றுமில்லை, வேகந்தான் குற்றம்" என்று தம்மைத் தேற்றிக்கொள்கிறார். ஆனால் அந்நெடுஞ்சாலையில் சட்டம் இசைந்த எல்லை 110 கிலோமீட்டர் அன்றோ?

உண்மை யாதெனின், வேகம் குற்றத்தைப் படைப்பதில்லை. உள்ளதைப் பெருக்கிக் காட்டுகிறது. 13 அங்குலச் சக்கரத்தின் விளிம்பில் ஒருபுறம் 30 கிராம் பாரம் மிகுந்திருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அச்சக்கரம் வினாடிக்குப் பதினைந்து முறை சுழல்கிறது. அப்போது அச்சிறு பாரம் ஏறக்குறைய 5 கிலோ எடைக்கு நிகராகச் சக்கரத்தை வெளிப்புறம் இழுக்கிறது. வேகம் பாதியானால் இழுப்பு நான்கிலொன்றாய்க் குறையும், அடியோடு ஒழிவதில்லை. கணக்கெழுதும் தொழிலிலுள்ள நாம் இதை நன்கறிவோம். செக்ரோலில் நாள்தோறும் நேரும் சில்லறைப் பிழை மாதக் கடைசிக் கூட்டலில் வெளிப்படுகிறது. கூட்டலா பிழையைச் செய்தது?

இனி, குற்றத்தை எங்கே தேடுவது? வலி தோன்றுமிடமே நோயின் இருப்பிடமாக வேண்டுவதில்லை. வளையம் நடுங்கினால் பெரும்பாலும் முன்சக்கரங்களையும், இருக்கை நடுங்கினால் பின்சக்கரங்களையும் ஐயுற வேண்டும். பிரேக் அழுத்துகையில் மட்டும் நடுங்குமாயின் பிரேக் தட்டுகளைப் பார்க்கவேண்டும். மற்றபடி குறித்த வேகத்தில் எப்பொழுதும் வருமாயின், டயர் புடைத்திருக்கிறதா, ரிம் வளைந்திருக்கிறதா, சமன் செய்ய வைத்த ஈயக்கட்டி உதிர்ந்ததா என்று முதலில் ஆராய்க. முன்சக்கரங்களைப் பின்னே மாற்றிப் பூட்டியதும் நடுக்கம் வளையத்தை விட்டு நீங்கினால் குற்றவாளி இன்னதென்பது தெளிவு. மலிவான சோதனை முன்னும் விலையுயர்ந்த பழுது பின்னுமாகச் செல்வதே அறிவுடைமை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. இறுக்கமான மூட்டுகளையுடைய வண்டி சிறு ஏற்றத்தாழ்வைத் தாங்கிக்கொள்ளும். தேய்ந்த வண்டியோ அதனையே நடுக்கமாகக் காட்டும். பட்டறையில் சக்கரத்தைச் சமன் செய்ததும் நடுக்கம் நின்றுவிடலாம். போல் ஜாயிண்டின் தளர்ச்சி நிற்பதில்லை. ஆதலின் வண்டியைத் தூக்கி உறுதியான தாங்கியில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைத்துப் பேரிங்கையும் போல் ஜாயிண்டையும், இடமும் வலமும் அசைத்து டை ராட் முனைகளையும் சோதித்தல் வேண்டும். அம்மூட்டு கழன்றால் சக்கரம் ஓட்டுநரின் சொற்கேளாது. நடுக்கம் நமக்குப் பகையன்று. உள்ளதை உரைக்கும் சாட்சி. சாட்சியின் வாயை அடைத்தல் வழக்கைத் தீர்த்ததாகாது.

இது நிற்க. இத்தகைய வண்டியை விற்கப் புகுவோர் சிலர், வாங்குவோரைப் பட்டணத்துத் தெருக்களில் மட்டும் ஓட்டிப்பார்க்கச் செய்கின்றனர். "பொய் யாதும் கூறவில்லையே, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்பது அவர்தம் வாதம். அன்பர்களே, வேகமெடுக்கவொட்டாமல் வழியைத் தெரிந்தெடுத்தவர் வாய் திறவாமலே பொய்யுரைத்தவராவார். வாங்குபவர் தம் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு பண்டிகை நாளில் அந்நெடுஞ்சாலையேறுவார். அன்று வெளிப்படும் குற்றம், விற்றவர் அறிந்திருந்த குற்றமேயாகும்.

மெதுவாய் ஓட்டிக் குற்றத்தை மறைத்துக்கொள்ளுதல் தமக்குத்தாமே செய்யும் ஏமாற்று. பிறரை அதில் ஏற்றுதல் பிறர்க்கிழைக்கும் தீங்கு. ஆதலின் பழைய வண்டியுடையோர் அடுத்த நெடும்பயணத்திற்கு முன் சக்கரங்களையும் மூட்டுகளையும் சோதிப்பாராக. விற்கக் கருதுவோர் கண்டதை முதலிற் கூறி, விலையைப் பின்னர்ப் பேசுவாராக. விலை சிறிது குறையலாம், நாணயம் குறையாது.