பாதி வீடு விருந்தாளிக்கு

திருச்சுழியில் சுந்தரமய்யர் வீடு கட்டியபோது, ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு வைத்துக்கொண்டு இன்னொரு பகுதியை வருகிறவர்களுக்கென்று விட்டுவைத்தார். பன்னிரண்டு வயதில் மாதம் 2 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கெழுதப் போனவர் அவர். பிறகு மனு எழுதிக் கொடுத்தார்; பட்டம் இல்லாமலே வழக்காடும் அனுமதியும் பெற்றார். மாற்றலாகி வந்த அதிகாரிகளும் ஊருக்குப் புதியவர்களும் தமக்கென ஓர் இடம் அமையும்வரை அந்த வீட்டில்தான் தங்கினார்கள்.

எம்.ரெட்டியபட்டியில் பிறந்த எனக்கு இதன் அருமை தெரியும். சித்திரை வெயிலில் இந்தக் கரிசல் வழியே நடந்து வருகிறவனுக்குக் கண்மாயும் வறண்டிருந்தால் நாலு மைலுக்கு ஒதுங்க இடமிருக்காது. ஆல்ப்ஸ் மலையில் புனித பெர்னார்டு கணவாயில், 2,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில், துறவிகள் பதினோராம் நூற்றாண்டிலிருந்து ஒரு விடுதி நடத்துகிறார்கள். பனியில் சிக்கியவன் எந்த நேரத்தில் வந்தாலும் சேர்த்துக்கொள்வதற்காக ஏற்பட்டது அது. அங்கே குளிர் செய்கிற வேலையை இங்கே வெயில் செய்கிறது. ஒதுங்க இடம் இல்லாவிட்டால் உயிர் போகும் என்கிற நிலம் எதுவானாலும், அங்கே யாராவது ஒரு குடும்பமோ கூட்டமோ கதவைத் திறந்து வைத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளும் அதைத் தொடர வேண்டுமா? இப்போது என் மனசில் ஓடுகிற கேள்வி இதுதான்.

சுந்தரமய்யர் குடும்பத்தில் ஒரு பழங்கதை உண்டு. முன்னோர் வீட்டுக்குப் பிச்சைக்கு வந்த துறவி ஒருவருக்குச் சோறு போடாமல் அனுப்பிவிட்டார்களாம். ‘உங்கள் வம்சத்தில் தலைமுறைக்கு ஒருவன் பிச்சையெடுத்துத் திரிவான்’ என்று அவர் சபித்துவிட்டுப் போனாராம். சுந்தரமய்யரின் சிற்றப்பா ஒருவர் காவி கட்டிக்கொண்டார். அண்ணனும் வீட்டைவிட்டுப் போனார். அந்தப் பழைய கடனுக்காகத்தான் அவர் பாதி வீட்டை ஒதுக்கினாரா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கடனாக இருந்திருந்தால் அத்தனை மலர்ச்சியோடு செய்திருக்க முடியாது என்றும் உடனே தோன்றும்.

1892இல் அவர் இறந்தார். வீடு கலைந்தது. மூத்த இரண்டு பையன்களை மதுரையில் இருந்த சித்தப்பா அழைத்துப் போனார். மற்ற இரண்டு பிள்ளைகளோடு தாய் அழகம்மாள் மானாமதுரைக்குப் போனார். திருச்சுழி வீடு கடனில் போய், கைமாறியது. திறந்த வீட்டின் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

1896 ஆகஸ்டு கடைசியில், பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட இரண்டாவது மகன் வெங்கட்ராமன் பதினாறு வயதில் யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். ரயில் காசு தீர்ந்து, பசியில் தள்ளாடி, திருக்கோவிலூரை அடுத்த கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டு வாசலில் நின்றான். கோகுலாஷ்டமி நாள். அந்த வீட்டம்மாள் சோறு போட்டார். பாகவதர் அவன் கடுக்கனை அடகாக வைத்துக்கொண்டு 4 ரூபாய் கொடுத்தார். வழிக்குப் பலகாரமும் கட்டிக் கொடுத்தார்கள். விருந்தாளிகளுக்குப் பாதி வீடு விட்ட மனிதரின் மகன், முன்பின் தெரியாத வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட்டான். ரமணரின் வரலாற்றில் என்னை அதிகம் உலுக்குவது மலையோ மௌனமோ அல்ல, இந்த ஒரு வேளைச் சோறுதான்.

1916இல் அழகம்மாள் மகனைத் தேடி வந்து மலையிலேயே தங்கினார். அங்கே மகனைச் சுற்றி அதுவரை பிச்சைச் சோற்றில் இருந்த அடியார் கூட்டத்துக்கு அவர் அடுப்பு மூட்டிச் சமைத்தார். 1922இல் அவர் இறந்தபின் அவருடைய சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. ரமணரே விடிவதற்கு முன் அடுக்களைக்குப் போய்க் காய் நறுக்குவார். மற்றவர்களுக்கு இல்லாத எதையும் தன் இலையில் வைக்க விடமாட்டார். தம்பி நாகசுந்தரம், நிரஞ்சனானந்தர் என்ற பெயரில் நிர்வாகத்தைப் பார்த்தார். ஆசிரம நிர்வாகம் தம்பிக்கும், அவருக்குப் பின் தம்பி மகனுக்கும் என்று 1938இல் ரமணர் உயில் எழுதினார்.

துறவி குடும்பத்துக்கு உயில் எழுதலாமா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அது தப்பாகப் படவில்லை. அரிசி இருப்பைப் பார்த்து, கணக்கு எழுதி, சமயத்தில் இடமில்லை என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்குகிற வேலையைத்தான் அந்த உயில் கொடுத்தது. நிரஞ்சனானந்தரின் கண்டிப்பைப் பற்றிப் பக்தர்கள் எழுதிய குறைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் பரிவுதான் வருகிறது. 1950இல் ரமணர் மறைந்ததும் கூட்டம் குறைந்தது, கையிருப்பு சுருங்கியது. அந்தக் காலத்திலும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது இந்தக் குடும்பம். நிரஞ்சனானந்தரின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று அது தொடர்கிறது. தங்கவும் சாப்பிடவும் இன்றும் கட்டணம் கிடையாது. 1944இல் ஆசிரமம் திருச்சுழி வீட்டையே வாங்கி, சுந்தர மந்திரம் என்று தகப்பனார் பெயரை வைத்தது.

திறந்த வீடு என்று சொல்லும்போது யாருக்குத் திறந்தது என்பதையும் கேட்க வேண்டும். ரமணர் காலத்து ஆசிரமப் பந்தியில் பிராமணர்களுக்குத் தனி வரிசை இருந்தது. பெண்கள் இரவில் தங்க அப்போது அனுமதி இல்லை. எங்கள் ஊர்த் திண்ணைகளிலும் அப்படித்தான். வழிப்போக்கனுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்த அதே வீட்டில், சொந்த ஊர்த் தெருக்காரன் ஒருவன் வாசலுக்கு வெளியே கை குவித்துத்தான் தண்ணீர் குடித்தான். இதைச் சொல்லாமல் அந்தக் காலத்து விருந்தோம்பலைப் பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை. நம் கைக்கு வருகிறதை அப்படியே தொடர வேண்டியதில்லை. கதவை இன்னும் அகலமாகத் திறக்கிறவன்தான் அதற்கு வாரிசு.

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைப் பேச்சு இப்போது நடக்கிறது. தாத்தா காலத்து முன்னறை ஒன்று தெருவைப் பார்த்திருக்கிறது. பருத்தி வியாபாரிகளும் கூத்துக்காரர்களும் அதில் படுத்திருக்கிறார்கள். இப்போது வேலி முள் வெட்டவும் கரிமூட்டம் போடவும் வெளியூரிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. கொட்டகையில் பிள்ளைகளோடு கிடக்கிறார்கள். முன்னறையை யார் பங்கிலும் சேர்க்காமல், எந்தச் சாதியென்று கேட்காமல் அவர்களுக்கு விடலாம் என்று தம்பியிடமும் தங்கையிடமும் சொல்லியிருக்கிறேன். தங்கை சரி என்றுவிட்டாள். கரண்டு பில்லை யார் கட்டுவது, கக்கூஸை யார் கழுவுவது, ராத்திரி யாராவது குடித்துவிட்டு வந்தால் யார் பேசுவது என்று தம்பி கேட்கிறான். மூன்றும் நியாயமான கேள்விகள். கரண்டு பில் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டையும் ஊரில் இருக்கிறவன்தான் பார்க்க முடியும். ஊரில் இருக்கிறவன் தம்பி.