மகமாயி தந்த சுமை

சமயபுரம் மாரியம்மன் கோயில் பிரகாரத்தில் கரும்புத் தொட்டில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தோகை அறுக்காத கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் மஞ்சள் நீரில் நனைத்த புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, பிள்ளையைக் கிடத்துவார்கள். ஒரு முனை அப்பாவின் தோளில், மறு முனை அம்மாவின் தோளில். பிள்ளை வரம் கேட்டவர்கள், வரம் கிடைத்தபின் கோயிலை வலம்வந்து செலுத்தும் நேர்த்திக்கடன் இது.

என் மகனும் மருமகளும் தொட்டில் சுமந்த நாளில் நானும் கூடவே நடந்தேன். தூளி கட்டியது அவளுடைய சீமந்தப் புடவையில். வளையல் அடுக்கிய அன்று, வயிற்றுக்குள் இருந்த பிள்ளையை மேலே மூடிக் கிடந்த துணி அது. இப்போது அந்தத் துணிக்குள் பேத்தி கண்மூடிக் கிடக்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆத்தா! ஒருத்தி வயிற்றில் தனியாகச் சுமந்ததை இருவர் தோளுக்கும் பங்கு வைத்தாயே, உன் கருணையை என்னவென்று சொல்வேன்!

பிள்ளையைத் துணியில் சுமப்பது இங்கே மட்டுமல்ல. கென்யாவில் தாய்மார் காங்காத் துணியால் பிள்ளையை முதுகோடு கட்டிக்கொள்கிறார்கள். மெக்சிகோவில் ரெபோசோவில் அணைத்துக்கொள்கிறார்கள். அத்தனை பேரும் அந்த ஆத்தாளின் வடிவம்தான். சமயபுரத்திலோ அப்பனும் சேர்ந்து சுமந்தாக வேண்டும். ஒருவர் விரைந்தால் மற்றவர் தடுமாறுவார். என் மகன் எப்போதும் நாலு அடி முன்னால் போகிறவன். அன்று மனைவியின் கொலுசுச் சத்தத்துக்குக் காதுகொடுத்து, அடிமேல் அடி வைத்தான்.

சுற்றிலும் "ஓம் சக்தி! பராசக்தி!" முழக்கம். வேப்பிலை வாசம். சன்னிதி எதிரே வந்ததும் என் கைகள் தாமாகத் தலைக்குமேல் ஏறின. அழுதேன், சிரித்தேன். தொட்டிலில் இருப்பது பேத்தியா, நானா, இந்த ஊர் உலகமா? எல்லோரையும் அவள் அல்லவா தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள்!

மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கியதும் 28 நாள் பட்டினி கிடக்கிறவள் அவள். பக்தர்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனே ஏற்கும் பச்சைப் பட்டினி விரதம். அந்த நாட்களில் வழக்கமான தளிகை கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர் இவைதான் நைவேத்தியம். பால்குடிப் பிள்ளைக்காகத் தாய் பத்தியம் இருப்பதுபோல, நமக்காக வாயைக் கட்டுகிறாள் மகமாயி. இந்த ஒன்றை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சித்திரை முதல் செவ்வாய் தேருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் நெருக்கித் தள்ளும். மஞ்சள் தூளி எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். தோகை பிள்ளையின் கண்ணில் பட்டுவிடாமல் ஒரு கை பிடித்துக்கொடுங்கள்.