விசையும் விரலும்

ஒரு பொருளை 'நம்முடையது' என்று கூறும்போது நாம் எதைக் கூறுகிறோம்? விலை கொடுத்தோம், இரசீது பெற்றோம், வீட்டில் வைத்துப் பூட்டினோம், பிறர் எடுத்தால் ஏனென்று கேட்கும் உரிமை நமக்குண்டு. பெரும்பாலும் இவ்வளவே நம் எண்ணத்தில் இருக்கிறது. அப்பொருள் எவ்வாறு இயங்குகிறது, எப்போது பிழை செய்யும், பிழை செய்தால் யாரை வருத்தும் என்பவற்றை அறிந்திருப்பதும் உடைமையின் ஒரு பகுதிதானா என்னும் வினா, அரிவாளும் அம்மியும் ஏர்க்கலப்பையுமே இல்லங்களின் கருவிகளாயிருந்த நாளில் எழவே இல்லை. அரிவாளை வாங்கியவன் அதன் கூரையும் அறிந்தே வாங்கினான். மின்னணுக் கருவிகள் வந்தபின் உடைமையும் அறிவும் தனித்தனியே பிரிந்துவிட்டன.

புதுச்சேரியில் நேரு வீதியையும் ரங்கப்பிள்ளை வீதியையும் ஒட்டியுள்ள பெரிய மார்க்கெட்டுக்குள் சென்று பாருங்கள். ஏட்டில் அதற்குக் குபேர் அங்காடி என்று பெயர். ஊரார் வாயில் அது என்றும் பெரிய மார்க்கெட்தான். மீன் விற்கும் அம்மையாரின் முன்னாலும் காய்கறிக் கடைக்காரரின் முன்னாலும் இன்று மின்னணுத் தராசு இருக்கிறது. தட்டுக்கு அடியிலுள்ள உலோகக் கட்டை பாரம் ஏறும்போது மயிரிழையளவு வளைவதையும், அவ்வளைவினால் மின்தடை மாறுவதையும், அம்மாற்றமே எண்ணாகி ஒளிர்வதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டுமென்று நாம் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் நல்ல வியாபாரி வேறு சிலவற்றைத் தெரிந்தே வைத்திருப்பார். தட்டு காலியாயிருக்கையில் பூச்சியம் காட்டுகிறதா என்று நோக்குவார். ஐயம் எழுந்தால் பழைய இரும்பு எடைக்கல்லை வைத்துச் சரிபார்ப்பார். ஆண்டுக்கொருமுறை அரசின் முத்திரை பெற வேண்டுமென்பதும் அவருக்குத் தெரியும். உள்ளே நடப்பதை அவர் அறியார்; ஆனால் கருவி பொய் கூறினால் அது பொய் என்று கண்டுகொள்ளும் வழி அவர் கையில் இருக்கிறது. இவ்வகை அறிவைச் சிறிதென்று நாம் கருதவில்லை. 2017 ஆம் ஆண்டு ஏப்ரலில் லக்னோ நகரத்துப் பெட்ரோல் நிலையங்கள் சிலவற்றில், இயந்திரத்தினுள் சிறு மின்னணுச் சில்லைப் பொருத்தி அளவைக் குறைத்து வந்தது பிடிபட்டதே, அங்கே வாங்குவோரிடம் இல்லாதிருந்தது இந்த எடைக்கல்தான்.

இதே அளவுகோலைக் கொண்டு வேறொரு கருவியை நோக்குவோம். பெயிண்ட்பால் என்னும் விளையாட்டை நம் இளைஞர்கள் நன்கு அறிவர். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் அதற்கெனத் திடல்கள் உள்ளன. வண்ணநீர் அடைத்த சிறு உருண்டைகளைக் காற்றழுத்தத்தால் எதிரணியினர்மேல் எய்து, வண்ணம் பட்டவரை ஆட்டத்திலிருந்து விலக்குவது அவ்விளையாட்டு. எய்யும் கருவிக்கு மார்க்கர் என்று பெயர், அதாவது குறியிடுவது. இப்பெயர் நாகரிகத்துக்காகச் சூட்டிய பெயரன்று. அமெரிக்காவில் காட்டு மரங்களுக்கும் மந்தைக் கால்நடைகளுக்கும் தொலைவிலிருந்தே அடையாளமிடுவதற்காக நெல்சன் என்னும் வண்ண நிறுவனத்துக்கு டெய்சி நிறுவனம் செய்து கொடுத்த கைக்கருவியே இதன் மூதாதை. 1981 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹென்னிக்கர் என்னும் ஊரின் காட்டில் பன்னிருவர் அக்கருவியை ஏந்தி முதன்முதலாக ஆடினர். கொடிகளைச் சேகரித்து வென்றவர் ரிச்சி ஒயிட் என்னும் காட்டுத்தொழிலாளர். அவர் ஒருமுறைகூடச் சுடவில்லை என்பது இவ்விளையாட்டின் வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

அன்றைய கருவியை எவரும் புரிந்துகொள்ளலாம். விசையை இழுத்தால் சுருள்வில் விடுபடும், சுத்தி வால்வை அடிக்கும், காற்று பாயும், உருண்டை பறக்கும். ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. 1990 களின் பிற்பகுதியில் மின்னணு மார்க்கர்கள் வந்தன. இவற்றில் விசை எதையும் இழுப்பதில்லை. ஒரு நுண் சுவிட்சைத் தொடுகிறது, அவ்வளவே. அத்தொடுதலைப் பெறுவது உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை. குழலின் அடிவாயில் உருண்டை வந்து அமர்ந்துவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரொன்று குறுக்கே நின்று காவல் காக்கிறது. உருண்டை இல்லையேல், அல்லது பாதி வந்து நிற்கிறதேல், பலகை சுட மறுத்துவிடும். ஏனெனில் பாதி வந்த உருண்டை நசுங்கி உள்ளேயே உடைந்துவிடும். எல்லாம் சரியாயிருந்தால் பலகை ஒரு மின்காந்த வால்வுக்கு ஆணையிடுகிறது. வால்வு ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே திறந்து மூடுகிறது. அந்நேரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதைச் செய்வது சிறு பொத்தான்கள்.

உருண்டையின் குறுக்களவு சுமார் 17 மில்லிமீட்டர். எடை சுமார் 3 கிராம். மேலோடு ஜெலட்டின். (ஜெலட்டின் எவ்விலங்கினின்று வந்தது என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு, உண்ணாத பொருளிலும் அக்கேள்வி எழுவது நல்ல பழக்கமே.) திடல்களில் வேகம் வினாடிக்கு 280 அல்லது 300 அடிக்கு மேற்படக் கூடாது என்பது பொது விதி. அதை அளப்பதற்கு வேகமானி உண்டு. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு கருவியும் அதன் முன்னே எய்து காட்டப்பட வேண்டும். பெரிய மார்க்கெட் வியாபாரியின் எடைக்கல்லுக்கு இங்கே ஒத்தது இந்த வேகமானியே. கருவியைப் பலரும் வாங்குவர். வேகமானியை வாங்குவோர் சிலரே.

இனி நம்மை உறுத்தும் வினாவுக்கு வருவோம். மின்னணு மார்க்கர்களில் பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. ஒரு முறையில் ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. மற்றொரு முறையில், விரல் சிலமுறை விரைந்து இழுத்துவிட்டால் பலகையே மேலும் சில குண்டுகளைச் சேர்த்துக்கொள்ளும். வினாடிக்குப் பத்துக்கு மேலும் செல்லும். இன்னொன்றும் உண்டு. சுவிட்சு தொடும்போது ஒருமுறை மட்டும் தொடுவதில்லை. நுண்ணிய அளவில் துள்ளுகிறது. அத்துள்ளலைப் பலகை பொறுத்துக்கொள்ளும்படி சரியாக அமைக்காவிட்டால், ஒரு தொடுதலை அது இரண்டு மூன்றாக எண்ணிவிடும். விரல் அசைந்தது ஒருமுறை. குண்டுகள் சென்றன மூன்று. முதற் குண்டு விரலுடையது. மற்ற இரண்டும் யாருடையவை?

செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே மதிக்கப்படுகின்றன என்னும் கொள்கையில் வளர்ந்தவர்கள் நாம். 'நான் எண்ணியது ஒன்றுதான்' என்று அந்த இளைஞன் கூறினால் அது பொய்யன்று. ஆயினும் அவனை முழுதும் விடுவிக்க நம் மனம் இணங்கவில்லை. பலகைக்கு எண்ணமில்லை, அதைச் செய்தவன் கடலுக்கப்பால் இருக்கிறான், அம்முறையைத் தேர்ந்தது, அல்லது எம்முறையில் இருக்கிறது என்று பாராமலேயே கையிலெடுத்தது, இவ்விளைஞன். எண்ணத்தின் கணக்கு விசையை இழுத்த நொடியில் தொடங்குவதில்லை. பொத்தானை அழுத்தி அமைத்த நேரத்திலேயே, அமைக்காமல் விட்ட நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அறியாமை சில வேளைகளில் மன்னிக்கத்தக்கது. அறிந்துகொள்ளும் வழி எதிரில் கிடக்க, அதைத் தாண்டிச் சென்றவனின் அறியாமையும் அவன் உடைமைகளில் ஒன்றாகிவிடுகிறது.

ஒரு கருவி எத்தனை விரைவில் எய்யும் என்பதைத் தவறாகக் கணித்தமையால் வரலாறே திசை மாறியதை இந்நகரம் நன்கறியும். 1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் தம் மகன் மஹ்பூஸ் கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். நவாபின் படையினரிடம் பீரங்கிகள் இல்லாமலில்லை. அவை மெதுவாகச் சுடுவன. பீரங்கி என்றாலே ஒருமுறை சுட்டபின் நெடுநேரம் ஓய்ந்திருக்கும் என்று அவர்கள் தம் கருவியை வைத்தே எதிரியின் கருவியையும் எடைபோட்டனர். பிரெஞ்சுப் பீரங்கிகளோ அடுத்தடுத்து முழங்கின. பின்னர் அடையாற்றங்கரையில், பாரடீஸ் என்பவர் புதுச்சேரியிலிருந்து நடத்திச் சென்ற ஆயிரம் பேருக்கும் குறைவான சிறுபடை அப்பெரும்படையைச் சிதறடித்தது. அந்நாள்களைத் தம் நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைத்தான் மார்க்கெட்டை ஒட்டிய வீதி தாங்கி நிற்கிறது. வீரம் குறைந்ததால் வந்த தோல்வியென்று இதனை நாம் கொள்வதற்கில்லை. உடைமைக்கும் அறிவுக்கும் இடையே விழுந்த பிளவினால் வந்தது.

அப்படியாயின் கருவி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பொறியியல் கற்க வேண்டுமா? வேண்டியதில்லை. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் இஹ்யாவில் அறிவை ஆராயும்போது, ஒவ்வொருவர்மீதும் தனித்தனியே கடமையானதையும், சமுதாயத்தில் சிலர் கற்றிருந்தால் மற்றவர்மீதுள்ள பொறுப்பு நீங்குவதையும் பிரித்துக் காட்டுகிறார்கள். மருத்துவத்தையும் கணக்கையும் மட்டுமன்றி, உழவையும் நெசவையும்கூட இரண்டாம் வகையில் வைக்கிறார்கள். இப்பிரிவு நம் வினாவுக்கு மிகவும் பொருந்துகிறது. மின்சுற்றுப் பலகையைப் பிரித்து மாட்டும் அறிவு ஊரில் யாரிடமாவது இருந்தால் போதும். அக்கருவி யாரை எவ்வாறு வருத்தக்கூடும் என்னும் அறிவோ வைத்திருப்பவனின் தனிக் கடமை. அதைப் பிறரிடம் ஒப்படைக்க முடியாது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் பனூ மூஸா சகோதரர் மூவர், வால்வுகளாலும் மிதவைகளாலும் தாமே இயங்கும் கருவிகள் ஏறக்குறைய நூற்றை விவரித்து நூல் செய்தனர். 1206 இல் தம் நூலை முடித்த அல்ஜஸரீயும், படிப்பவர் தாமே செய்து பார்க்கும் வண்ணம் ஒவ்வோர் உறுப்பையும் வரைந்து விளக்கினார். வால்வு திறந்து மூடுவதை வியப்பாக மறைத்து வைக்காமல் விளக்கிச் சொன்னவர்களின் வழியில் வந்த நாம், கருவியோடு வரும் கையேட்டைப் பெட்டியோடு குப்பையில் எறிவது அழகன்று.

இவ்விளையாட்டே ஆகாது என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அம்பெய்தலையும் குதிரையேற்றத்தையும் ஊக்கிய மரபு நம்முடையது. ஆனால் விளையாட்டாகக்கூடச் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாதென்று தடுத்ததும் அதே மரபுதான். கை வழுவிவிடலாம் என்பதே அதன் காரணம். திடலுக்குள் இருப்பவர் அனைவரும் முகமூடி அணிந்து, உடன்பட்டு, நடுவரின் கண்முன்னே நிற்கிறார்கள். அதே கருவி வீட்டு மாடியில், தெருமுனையில், தம்பியின் முதுகை நோக்கி நீளும்போது உடன்பாடுமில்லை, முகமூடியுமில்லை. வினாடிக்கு 300 அடி வேகத்தில் வரும் மூன்று கிராம் தொடையில் பட்டால் கன்றிப்போகும்; கண்ணில் பட்டால் பார்வையே போகும். கடுமையான கண் காயங்கள் பெரும்பாலும் முகமூடி இல்லாதபோதும் கழற்றியபோதும் நேர்ந்தவையே. ஆகவே குழலின் வாய்க்கு உறையிடாமல் அக்கருவியை வீட்டுக்குள் கொண்டுவர விடாதீர்கள் என்று தாய்மார்களுக்குக் கூறுவோம். மின்கலத்தைக் கழற்றிவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுவதும் தவறு. காற்று உருளை இருக்கும்வரை அழுத்தம் உள்ளே இருக்கிறது.

அவ்வுருளையைப் பற்றியும் ஒரு சொல். ஸ்கூட்டர் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் 30 பவுண்டு அளவில் இருக்கும். இவ்வுருளைகளில் 3000 முதல் 4500 பவுண்டு வரை ஏற்றுகிறார்கள். சமையல் எரிவாயு உருளையின் மேற்பகுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் குறித்திருப்பதை நம் இல்லத்தரசிகள் அறிவர். மறுசோதனைக்கு உரிய காலத்தை அது சொல்கிறது. காற்று உருளைக்கும் அவ்வாறே சோதனை நாள் உண்டு. பழைய கருவியை மலிவாக வாங்கும் இளைஞன் வண்ணத்தையும் எடையையும் பார்த்த அளவுக்கு அந்நாளைப் பார்ப்பதில்லை. சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதையும் வாங்குமுன் உரிய அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். வாங்கியபின் கேட்பவர்க்கு விடை எப்போதும் கசப்பாகவே தோன்றும்.

கருவி கெட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். பெரும்பாலும் கெடுவது பலகையன்று. காற்றுக் கசியாமல் காக்கும் ரப்பர் வளையங்கள் தேய்ந்துபோகும். அவற்றுக்கிடும் மசகு காய்ந்துபோகும். உடைந்த உருண்டையின் பசை கதிரின் கண்ணை மறைத்துவிடும். இவற்றையெல்லாம் தூய துணியும் சிறு திருப்புளியும் பொறுமையும் உள்ள பதினாறு வயதுச் சிறுவனே செய்யலாம். காற்று உருளையை முதலிற் கழற்றி, மிச்சக் காற்றையும் வெளியேற்றிவிட்டு, தந்தையையோ தாய்மாமனையோ அருகில் அமர்த்திக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்து வரிசையாகத் துணியின்மேல் வைத்து, திரும்ப மாட்டிக் காட்டட்டும். கருவியை வாங்கித் தருவதற்கு முன் இந்த ஒன்றை நிபந்தனையாக வைக்கும் பெற்றோரை நாம் கடுமையானவர் என்று கூறமாட்டோம்.