பழுதின் முகவரி

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கு. ஜனவரி இரவில் அங்கே குழாயைத் திறந்து கையை நீட்டினால் விரல் மரத்துப்போகும். பொங்கல் விடுமுறைக் கூட்டம் சாப்பிட்டு எழுந்துபோன பிறகு, விடுதிகளின் பின்கட்டில் குவிந்து கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்குத் தட்டுகளை அந்தத் தண்ணீரில்தான் யாரோ தேய்க்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். அதனால், டிஷ்வாஷர் என்பது சோம்பேறிகளின் சாமான், கையால் கழுவுவதில்தான் அழகு இருக்கிறது என்று பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அழகைப் பார்ப்பவரின் கை அந்தத் தண்ணீரில் இருப்பதில்லை.

ஆனால் டிஷ்வாஷர் வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்பவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கு. ஒரு இயந்திரம் ஒருத்தரின் சுமையை இறக்கி வைக்கும்போது அந்தச் சுமை உண்மையிலேயே இல்லாமல் போகிறதா, இல்லை, நமக்குத் தெரியாத இன்னொருத்தர் தலைக்கு மாறுகிறதா? இதற்குப் பதில் தேட அந்தப் பெட்டியின் உள்ளே போக வேண்டும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் 1886இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தேய்க்க வேண்டாம், பாத்திரத்தை ஒரு கூண்டில் நிறுத்தி அதன்மேல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும் என்பதுதான் அவருடைய யோசனை. இன்றைய இயந்திரத்துக்கும் அடிப்படை அதுதான்.

கதவை மூடியதும் தண்ணீர் முதலில் ஒரு உப்புத் தொட்டியோடு இணைந்த அறை வழியாகப் போகிறது. அங்கிருக்கும் சின்னச் சின்ன ரெசின் மணிகள் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கின்றன. மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசல் அவற்றைக் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். சமவெளியின் போர்த் தண்ணீருக்கு உப்பு நிறையச் செலவாகும். மலை ஓடைத் தண்ணீருக்குக் கொஞ்சம் போதும். அதன்பின் பெட்டியின் அடியில் மூன்று நான்கு லிட்டர்தான் சேரும். பம்ப் அந்தத் தண்ணீரையே திரும்பத் திரும்ப மேலே தள்ள, துளை போட்ட இரண்டு கைகள் வழியாக அது பீய்ச்சியடிக்கும். அந்தக் கைகளைச் சுற்றத் தனி மோட்டார் கிடையாது. தண்ணீர் ஒரு பக்கம் சீறும்போது கை மறுபக்கம் தள்ளப்படுகிறது, அவ்வளவுதான். பல மாடல்களில் மேல் கையும் கீழ் கையும் மாறி மாறி வேலை செய்யும், அதில் தண்ணீர் மிச்சம். ஹீட்டர் 50இலிருந்து 70 டிகிரி வரை சூடேற்றும். பவுடரில் இருக்கும் என்சைம்கள் சோற்றுக் கஞ்சியையும் முட்டைக் கறையையும் உடைக்கும். ஒரு சென்சார் தண்ணீருக்குள் ஒளியைச் செலுத்தி, கலங்கல் எவ்வளவு என்று பார்த்து, இன்னொரு முறை அலச வேண்டுமா என்று முடிவு செய்யும். ஒரு சுற்று முடிய மொத்தம் சுமார் பத்து லிட்டர். சீசனில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

நம்ம ஊர்ச் சமையலுக்கு இது ஒத்துவருமா என்று கேட்பார்கள். அடிப்பிடித்த கடாயை ஊறவைத்துப் போட்டால் ஓரளவுக்கு வரும். பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய மஞ்சள் கறை மட்டும் இதில் லேசில் போகாது.

இப்போது பழுதுக்கு வருவோம். தண்ணீர் வடியலை, தட்டு சுத்தமாகலை என்பவற்றில் பாதி பழுதே கிடையாது. ஃபில்டரில் சோறு அடைத்திருக்கும், கைகளின் துளையில் கடுகு சிக்கியிருக்கும், வடிகால் பம்பில் கண்ணாடிச் சில்லு மாட்டியிருக்கும். வீட்டில் இருப்பவரே கழற்றி எடுத்துவிடலாம். சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். முன்பெல்லாம் ஹீட்டர் தனி, பம்ப் தனி. இப்போது பல மாடல்களில் ஹீட்டரைப் பம்பின் உடலுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். ஹீட்டர் போனால் நல்லா ஓடுகிற பம்பையும் சேர்த்து மாற்றணும். போர்டில் ஒரு ரிலே கருகினாலும் முழு போர்டையும் மாற்றணும். மலையேறி வந்த மெக்கானிக் கடைசியில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “அக்கா, போர்டு போயிருச்சு. போர்டு விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிரலாம்.” அவர் ஏமாற்றவில்லை. கணக்கு அப்படித்தான் வருது. அந்தக் கணக்கைப் போட்டவர் இந்த வீட்டுக்கு ஒருநாளும் வரப்போவதில்லை.

தயாரிப்பாளர் பக்கமும் நியாயம் இருக்கு. தண்ணீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் பெட்டி இது. யாரும் கழற்ற முடியாமல் மூடுவதில் பாதுகாப்பு உண்டு. ஹீட்டர் பம்போடு சேர்ந்தால் இணைப்புகள் குறையும், கசிவும் குறையும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் பிரிக்க முடிகிற மாதிரியும் பாதுகாப்பாகச் செய்யலாம் என்பதற்கு நம்ம வீட்டிலேயே சாட்சி இருக்கு. 1955இல் கோவையில் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டரும் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்த இயந்திரம்தான். பெல்ட் அறுந்தால் மாற்றுவார்கள். மோட்டார் கருகினால் காயில் கட்டித் தருவார்கள். கல் தேய்ந்தால் கொத்துவார்கள். அந்த ஒரு இயந்திரத்தைச் சுற்றித் தெருவுக்குத் தெரு எத்தனை பேர் பிழைத்தார்கள்! அதில் ஒரு பாகத்தின் சாவு முழு இயந்திரத்தின் சாவாக ஆனதில்லை.

சரி, டிஷ்வாஷரைத் தூக்கிப் போட்டாச்சு. எங்கே போகும்? “எங்கேயோ” என்போம். அந்த ‘எங்கேயோ’வுக்கு இதே மலையில் ஒரு விலாசம் உண்டு: மூஞ்சிக்கல்.

1983இல் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்து ஒரு வெப்பமானித் தொழிற்சாலை கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்து வந்தது. செஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்துடையது. பின்னால் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. அங்கே செய்த பாதரச வெப்பமானிகள் முக்கியமாக வெளிநாட்டு வீடுகளுக்குப் போயின. உடைந்த கண்ணாடி இங்கேயே தங்கியது. பாதரசம் ஒட்டிய அந்தக் கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் டன் கணக்கில் கிடந்தது 2001 மார்ச்சில் வெளியே தெரிந்தது. ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் கையெழுத்தானது.

டிஷ்வாஷரில் பாதரசம் கிடையாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவும் நான் வரவில்லை. ஆனால் பாதை ஒன்று. பயன் ஒரு வீட்டில் தங்குகிறது, மிச்சம் இன்னொரு ஊரின் காயலான் கடையில் இறங்குகிறது. அங்கே செம்புக்காக வயரை எரித்துப் புகையை முழுங்குகிறவரும், போர்டை உடைக்கிறவரும் ஜனவரித் தண்ணீரில் கை வைத்த அந்த அக்காவின் உறவுக்காரராகவே இருக்கலாம். அப்படியென்றால் அவர் கையிலிருந்து நாம் இறக்கிய சுமை அவர் வீட்டு வாசலுக்கே வேறு வடிவத்தில் திரும்பிப் போயிருக்கிறது. பத்து வருஷம் ஓட வேண்டிய பெட்டி நாலு வருஷத்தில் அங்கே போனால் சுமை இரண்டரை மடங்காகும். ஒரு இயந்திரத்தைப் பழுதுபார்க்க முடியுமா என்பதை அதனால்தான் நான் வாங்குபவரின் பர்ஸ் சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்ப்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் 1 முதல் டிஷ்வாஷர்களுக்கு ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பம்ப், ஹீட்டர், போர்டு ஆகியவை தொழில்முறை மெக்கானிக்குகளுக்குக் குறைந்தது 7 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். சுழலும் கைகள், ஃபில்டர், சீல் போன்றவை சாதாரணப் பயனாளிக்கும் 10 ஆண்டுகள். கேட்ட பாகம் 15 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். சாதாரணக் கருவிகளால் மாற்ற முடிய வேண்டும். பம்புக்குள் ஹீட்டரை வைக்காதே என்று அந்த விதி சொல்லவில்லை. அந்த ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. இந்தியாவில் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 24இல் ஒரு இணையதளமும் திறந்தார்கள். தகவல் கிடைக்கிறது. பாகம் கொடுத்தே ஆகணும் என்ற கட்டாயம் அதிலிருந்து வராது.

சட்டம் வரும்வரை பழியைத் தனிமனிதர் தலையில் கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. மூடிய பெட்டியைச் செய்தவர் வேறு, வேறு வழியில்லாமல் அதை வாங்குகிறவர் வேறு. ஆனால் கடையில் நிற்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஹீட்டர் தனியாகக் கிடைக்குமா? போர்டு எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்? உங்க கம்பெனி ஆள் இல்லாமல் வெளி மெக்கானிக் கழற்றலாமா? “தெரியலையே சார்” என்று பதில் வரும். மாதத்துக்கு நூறு பேர் அதையே கேட்டால் அந்தப் பையன் மேலே ஒருத்தரைக் கேட்பான், அவர் இன்னொருத்தரைக் கேட்பார். பெட்டியை மூடுவதென்று முடிவெடுத்தவரின் மேசைக்கு மூஞ்சிக்கல் போய்ச் சேர இப்போதைக்கு எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.