பிறர் விழாவில் அந்நியன் – ஓர் அறவியல் நோக்கு

வேற்று நாடொன்றிற் கல்வி பயிலச் செல்லும் மாணவன் அந்நாட்டைப் பற்றி முதலில் அறிந்துகொள்வது பெரும்பாலும் அதன் விழாக்களையே. மொழியைக் கற்பதற்கு ஆண்டுகள் வேண்டும். உறவுமுறையையும் நிலவுடைமை முறையையும் சாதியமைப்பையும் விளங்கிக்கொள்வதற்கு அதனினும் நீண்ட காலம் வேண்டும். விழாவோ அவன் வந்திறங்கிய வாரத்திலேயே வீதிக்கு வந்து அவனை எதிர்கொள்கின்றது. ஒலியும் ஒளியும் உணவுமாக வரும் ஒன்றைச் சுவைப்பதற்கு மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவையில்லை. மாணவர் பரிமாற்றத் திட்டங்களை வகுப்போர் விழாக்களுக்கு முதலிடம் வழங்குவதன் காரணமும் இதுவே. ஆயின், பிறருடைய விழாவிலே அந்நியன் ஒருவன் உண்மையாகவே பங்குகொள்ள இயலுமா, இயலுமெனின் அப்பங்கு அவன்மீது யாதேனும் கடமையைச் சுமத்துகின்றதா என்னும் வினாக்கள் அத்திட்டங்களில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இலங்கையையே எடுத்துக்கொள்வோம். 1980களிலிருந்து அமெரிக்கக் கல்லூரிகள் சில கூட்டாக நடத்திய திட்டமொன்றின்கீழ், பல ஆண்டுகளாக மாணவர்கள் கண்டிக்கு வந்து, உள்ளூர்க் குடும்பங்களுடன் தங்கிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தொடர்புடன் பயின்று சென்றனர். ஓகஸ்ட் மாதத்தில் வரும் மாணவனுக்கு எசல பெரஹரா காத்திருக்கும். கசையொலி எழுப்புவோரும் தீப்பந்தம் ஏந்துவோரும் முன்செல்ல, தலதா மாளிகையின் ஊர்வலமும், அதன்பின் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்களும் வரும். வீதியோரக் கட்டடங்களில் ஆசனங்கள் பெருந்தொகைக்கு விற்கப்படும். ஊரவரோ காலையிலிருந்தே நடைபாதையிற் பாய் விரித்து, குழந்தைகளையும் சோற்றுப் பொதிகளையும் வைத்துக்கொண்டு காத்திருப்பர். ஆசனத்திலிருக்கும் மாணவனுக்கு ஊர்வலம் நன்கு தெரியும். நடைபாதையில் இருப்பவருக்கு அது அத்துணை நன்றாகத் தெரியாது. எனினும் விழா யாருடையது என்பதில் ஐயமில்லை. மேளம் அடிப்போரும் ஆடுவோரும் கூலிக்கு அமர்த்தப்பட்ட கலைஞரென அவன் எண்ணக்கூடும். அவர்களிற் பலரின் முன்னோர் கோயில் நிலங்களை அனுபவித்து, அதற்கு ஈடாக இத்தொண்டினைச் செய்யக் கடமைப்பட்டவர்கள். அக்கடமை சாதிவழி வந்தது. அது பெருமையாகவும் சுமையாகவும் ஒருங்கே உணரப்பட்டது. ஒரு சமுதாயத்தின் கொடுக்கல் வாங்கல்கள் அனைத்தும் ஆண்டுக்கொருமுறை வீதிக்கு வரும் நிகழ்ச்சியே விழா எனலாம். அந்நியன் கேட்பது மேளத்தை. அதன்பின்னுள்ள வயலை அவன் காண்பதில்லை.

இவ்வாறு கூறுவதாற் பிறநாட்டு மாணவனின் கண்ணுக்கு ஒன்றுமே புலப்படாது என்பது கருத்தன்று. பிறந்த ஊரவர் காணாத ஒன்றை அவன் காணக்கூடும். கண்டிப் பெரஹராவும் நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் மகோற்சவமும் பெரும்பாலும் ஒரே காலப்பகுதியில் நிகழ்வன. ஒன்று கெட்டம்பையில் மகாவலி நீரை வெட்டும் சடங்குடன் நிறைவை அடைகின்றது. மற்றையது ஆவணி அமாவாசைத் தீர்த்தத்துடன் நிறைவுறுகின்றது. கதிர்காமத் தேவாலயத்தின் தெய்வம் முருகனே என்பதும், பத்தினி கண்ணகியே என்பதும் ஏட்டளவில் யாவருக்கும் தெரிந்த செய்திகள். ஆயினும் இரு விழாக்களையும் ஒரே மாதத்தில் நின்று கண்ட தமிழரும் சிங்களவரும் எத்துணைபேர்? வாடகை வாகனமொன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் கண்டு வருபவன் அமெரிக்க மாணவனே. இது சற்று வெட்கத்திற்குரிய செய்தி.

காண்பதற்கும் பங்குகொள்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதற்குக் கண்டி வரலாறே இரு வேறுபட்ட சான்றுகளைத் தருகின்றது. முதலாவது, றொபேட் நொக்ஸ். 1660இற் சிறைப்பட்டு 1679இல் தப்பியோடும்வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த இவ்வாங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தமது நூலிற் பெரஹராவை வருணித்துள்ளார். இன்றைய மாணவனைப் போன்று நான்கு மாதத்தில் நாடு திரும்பும் பயணச்சீட்டு அவரிடம் இருக்கவில்லை. தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் ஊரவருள் ஒருவராகவே பிழைத்தார்; அவர்களது மொழியையும் நன்கு அறிந்திருந்தார். எனினும் விழாவைப் பொறுத்தவரை அவர் வெளியாளாகவே நின்றார். அவரது உறுதியான கிறிஸ்தவ நம்பிக்கை அதனை வேறெவ்வாறும் நோக்க இடந்தரவில்லை. நீண்டகாலத் தங்கலும் மொழியறிவும் மட்டும் ஒருவனைப் பங்காளியாக்கிவிடா என்பதற்கு நொக்ஸ் சான்று. அதேவேளை, அவரது வருணனையின் நேர்மையும் அந்த விலகலிலிருந்தே பிறந்தது என்பதையும் மறுத்தல் இயலாது. தாம் நம்பாத ஒன்றை நம்புவதாக அவர் நடிக்கவில்லை.

இரண்டாவது சான்று இதற்கு நேர்மாறானது. நொக்ஸின் வருணனையில் தந்ததாது ஊர்வலத்தில் எடுத்துச் செல்லப்பட்டதாகச் செய்தி இல்லை; அது தெய்வங்களுக்கு எடுக்கப்பட்ட விழாவாகவே தோன்றுகின்றது. 1753இல் உபாலி தேரரின் தலைமையிற் சியாம் நாட்டிலிருந்து வந்த பிக்குகள் இதனைக் கண்டு மனங்குறைபட்டனரென்றும், அது காரணமாக மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் தந்ததாதுவை ஊர்வலத்தின் முன்னணியில் இடம்பெறச் செய்தானென்றும் வழிவழியாக எடுத்துரைக்கப்படுகின்றது. அம்மன்னனோ மதுரை நாயக்கர் மரபில் வந்தவன். இவ்வரலாறு உண்மையாயின், இன்று தூய உள்நாட்டு மரபெனப் போற்றப்படும் விழாவின் முகத்தைத் திருத்தியமைத்தோர் அந்நியரே. விருந்தினனின் பார்வை விழாவைத் தொடாமற் செல்வதில்லை. தன்னை ஒருவன் உற்றுநோக்குகின்றான் என்று அறிந்தவுடன் ஊர் தன் விழாவைச் சற்றுத் திருத்திக்கொள்கின்றது. பார்ப்பவனுக்கு உவப்பானது முன்னே வர, விளங்காதது பின்னே தள்ளப்படுகின்றது. பிறநாட்டு மாணவரை மகிழ்விப்பதற்கென வளாகங்களில் நடத்தப்படும் “பண்பாட்டு மாலை”களில் இதனை எவரும் அவதானிக்கலாம். அங்கே கரகமும் கண்டிய நடனமும் ஆளுக்குப் பத்து நிமிடமாக வந்து போகும். எவரும் நேர்த்தி வைப்பதில்லை, எவரும் அழுவதில்லை.

பண்டைக் கிரேக்கர் இவ்விடயத்தில் ஆழ்ந்த சிந்தனையொன்றை விட்டுச் சென்றுள்ளனர். ஒரு நகர அரசு, ஒலிம்பியா, டெல்பி முதலிய இடங்களில் நிகழும் விழாக்களுக்குத் தன் தூதுவரை அனுப்பும். அத்தூதுவன் “தியோறொஸ்” எனப்பட்டான். “தியோரியா” என்னும் சொல், பின்னாளிற் கோட்பாட்டைக் குறிப்பதாக வளர்ந்தது. ஜேர்மானிய மெய்யியலறிஞர் கடாமர், 1960இல் வெளிவந்த “உண்மையும் முறையும்” என்னும் நூலில் இதனை எடுத்தாண்டு, காண்டலென்பது வெறும் செயலின்மையன்று, அதுவே பங்குகொள்ளலின் ஒரு வகை என வாதித்துள்ளார். தன்னை மறந்து, தன் நோக்கங்களை ஒதுக்கிவைத்து, முன்னிலையில் இருத்தலே தியோறொஸின் தொழில். இக்கருத்து பிறநாட்டு மாணவனுக்கு ஆறுதல் தரக்கூடியதே. ஆயின் கடாமரின் வாதத்தை எடுத்தாள்வோர் ஒரு சிறு விடயத்தை மறந்துவிடுகின்றனர். தியோறொஸ் தானாகச் சென்றவனல்லன், அனுப்பப்பட்டவன். அவனது பயணம் அவனை அனுப்பிய நகரையும் கட்டுப்படுத்தியது. ஏதென்ஸிலிருந்து டேலொஸ் தீவுக்கு விழாக்கப்பல் சென்று திரும்பும்வரை அந்நகரில் எவருக்கும் மரணதண்டனை நிறைவேற்றலாகாது என்பது விதி. கி.மு. 399இல் சோக்கிரதீசு நஞ்சருந்துவதற்கு முன் பல நாள்கள் சிறையிற் காத்திருந்தது இதனாலேயே. ஒருவன் வேற்றிடத்து விழாவைக் காணச் செல்வதனால் அவனது சொந்த ஊர் தன்னைத் தூய்மையாக வைத்திருக்கக் கடமைப்பட்டது. இன்று விழாக் காணச் செல்லும் மாணவனின் நாடு அதன்பொருட்டு எதனை நிறுத்திவைக்கின்றது?

கடமை பற்றிய இவ்வினாவை மிக எளிய வடிவிற் காண வேண்டுமாயின் நோன்புக் கஞ்சியை நோக்கலாம். றமழான் மாதத்தில் இந்நாட்டுப் பள்ளிவாசல்களிற் கஞ்சி காய்ச்சி அயலவர்க்கும் வழங்குவர். முஸ்லிமல்லாதோர் வீடுகளுக்கும் அது செல்வதுண்டு. நண்பனொருவனின் அழைப்பின் பேரில் நோன்பு திறக்கும் வேளையிற் சென்று அமரும் பிறநாட்டு மாணவன், மதிய உணவை வயிறாரவுண்டு மூன்று மணிநேரமே கழிந்திருக்க, பகல் முழுவதும் தண்ணீரும் அருந்தாதவருக்கு அருகிலிருந்து அதே கஞ்சியை அருந்தலாமா? அருந்தலாம் என்பதே விடை. கொடுப்பவர் கொடுக்க விரும்புகின்றார், மறுப்பது அவமதிப்பாகும். ஆனால் இருவர் கிண்ணத்திலும் இருப்பது ஒரே கஞ்சியன்று. ஒருவருக்கு அது பசியின் முடிவு. மற்றவருக்கு அது சுவையான ஒரு புதுமை. இவ்வேறுபாட்டை அறிந்து அருந்துவதற்கும் அறியாது அருந்துவதற்கும் இடையிலேதான் அறவியல் வினா தங்கியுள்ளது. “நானும் றமழானைக் கொண்டாடினேன்” என ஊருக்குக் கடிதம் எழுதுபவன் ஒரு பொய்யைச் சொல்கின்றான். அது சிறிய பொய்யேயாயினும் பொய்யே.

யூதரின் மறைநூல் இதனை வேறுவகையிற் கையாள்கின்றது. யாத்திராகமம், பன்னிரண்டாம் அதிகாரத்தின்படி அந்நியன் பஸ்கா உணவை உண்ணலாகாது. உடன்வாழும் அந்நியன் பங்குகொள்ள விரும்பினால் முதலில் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும். உபாகமம், பதினாறாம் அதிகாரமோ, கூடாரப் பண்டிகையில் மகிழ வேண்டியோரை அடுக்குமிடத்து, மகனையும் மகளையும் அடிமையையும் அநாதையையும் கைம்பெண்ணையும் கூறும் அதே வரியில் அந்நியனையும் சேர்க்கின்றது. ஒரே மக்களிடம் அடைக்கப்பட்ட கதவும் உண்டு, திறந்த கதவும் உண்டு. அடிமைத்தளையிலிருந்து மீண்ட நினைவு அவர்களுக்கே உரியது. அறுவடையின் மகிழ்ச்சி யாவர்க்கும் உரியது. வெசாக் தன்சலில் வீதியாற் போகும் எவரும் உணவுண்ணலாம். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் களைந்தே உட்செல்ல வேண்டும். எல்லா விழாக்களும் எல்லோருக்கும் ஒருபடித்தாகத் திறந்திருக்க வேண்டும் என்னும் இக்காலக் கொள்கை தாராள மனப்பான்மையாகத் தோன்றினும், நினைவுக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை அது அழித்துவிடுகின்றது. வாசலில் நிற்கச் சொன்னால் நிற்பதும், சட்டையைக் களையச் சொன்னாற் களைவதும் விருந்தினனுக்கு இழுக்கல்ல. அடுப்படியிற் தேங்காய் துருவும் வேலையைக் கொடுத்தால் அதனை ஏற்பது அதனினும் நன்று.

இதுகாறும் அந்நியன் எனப்பட்டவன் கடல்கடந்து வந்தவன். அவன் வருகையால் எவருக்கும் இடரில்லை. தைப்பொங்கலன்று அவன் பானையில் அரிசியிடுவதற்கும், வெசாக் இரவில் விளக்கேற்றுவதற்கும் எவரும் அரசியற் பொருள் கற்பிப்பதில்லை. அதே விளக்கைத் தமிழ் மாணவனொருவன் ஏற்றினால் அது இணக்கமா பணிவா என ஆராய்வோர் இரு பக்கத்திலும் உளர். 2009இற் போர் முடிந்தபின் யாழ்ப்பாண நகரில் இராணுவத்தினரின் ஏற்பாட்டில் வெசாக் கூடுகள் தொங்கவிடப்பட்டன, தன்சல்களும் நடைபெற்றன. அவற்றைக் கண்ட வெளிநாட்டவர் கூடுகளின் அழகையே கண்டிருப்பர். அவற்றைக் கட்டித் தொங்கவிட்ட கைகள் யாருடையவை என்பதை ஊரவர் கண்டனர். விருந்தோம்புபவன் யார், விருந்தினன் யார் என்பது குழம்பிய நிலையில், ஒரு குவளை மென்பானத்தை வாங்குவதும் மறுப்பதும் ஒருங்கே கடினமான செயல்களாகிவிடுகின்றன. இதனைச் சுட்டிக்காட்டும் தமிழ் வாசகர் 1968ஆம் ஆண்டையும் மறத்தலாகாது. அவ்வாண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்நுழையும் உரிமைக்காகப் போராடி நின்றனர். அவர்கள் வேற்று நாட்டிலிருந்து வந்தோரல்லர். அதே முருகனை வணங்குவோர். அதே மொழியைப் பேசுவோர். ஊருக்குள்ளேயே அந்நியராக்கப்பட்டோர்க்கு வாயிலை அடைத்துவிட்டுத் தூரத்து அந்நியனுக்குத் தாம்பூலம் நீட்டும் பண்பாட்டை விருந்தோம்பல் எனப் பெயரிட்டழைத்தல் எவ்வாறு பொருந்தும்?

விழாக் கண்டு திரும்பிய தியோறொஸ் தன் நகருக்குக் கண்டதைச் சொல்லக் கடமைப்பட்டவன். பரிமாற்ற மாணவனும் அறிக்கையொன்று எழுதுகின்றான். அதில் இருந்தவற்றின் வருணனை நிறைந்திருக்கும். இல்லாதவை பற்றிய குறிப்பு அரிது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதன்பின் பல ஆண்டுகள், நல்லூரிலிருந்து அதிக தொலைவில்லாத சோனகதெருவில் நோன்புக் கஞ்சி காய்ச்சப்படவில்லை. அக்காலத்தில் நல்லூர்த் தேரின் சிறப்பை எழுதியவர் எவரும், அந்நகரின் விழா நாட்காட்டியில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருந்ததை எழுதாவிடின், கண்டதை முழுமையாக எழுதியவராகார். போரின் பின்னர் அவர்களிற் சிலர் மீண்டுள்ளனர். இன்று அங்கே கஞ்சிக் கிண்ணத்தைப் பெறும் பிறநாட்டு மாணவன், அதனை ஊற்றிக் கொடுக்கும் முதியவரிடம் இடைப்பட்ட நோன்புகளை எங்கே நோற்றீர்கள் எனக் கேட்பானாயின், புத்தளம் என்னும் விடை கிடைக்கக்கூடும். அவனுக்கு அது ஓர் ஊர்ப்பெயர். தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வான். அவனை அங்கு அழைத்துச் சென்று அருகில் அமர்ந்திருக்கும் தமிழ் மாணவனுக்கோ அவ்வினாவைக் கேட்பது அத்துணை எளிதன்று.