மறந்தவள் யார்?

"மறந்துட்டியா?" ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

1996. எங்க ஊர் கொல்லிமலை வாசலூர்பட்டி. நாமக்கல் மாவட்டம் இன்னும் பிரியவில்லை, நாங்க அப்போ சேலம். எனக்கு 22 வயசு, ரெண்டு வயசில் ஒரு மகன். அடுத்தது கொஞ்ச நாள் கழிச்சுப் போதும்னு கேட்டப்போ நர்சம்மா மாலா-என் அட்டை கொடுத்தாங்க. காசில்லை. "தினம் ராத்திரி ஒண்ணு போட்டுக்க." பாடம் அவ்வளவுதான். அதே சமயத்தில் அடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்குக் காசநோய் என்று இன்னொரு பொட்டலம் மாத்திரை. அதைப் போட்ட முதல் நாளே மூத்திரம் செக்கச்சிவந்து போச்சு. ரத்தம்னு பயந்து அழுதேன். மருந்தோட நிறம் அதுன்னுகூட யாரும் முன்னாடி சொல்லல.

அஞ்சாவது மாசம் முழுகாம இருந்தேன்.

நான் ஒரு நாளும் மறக்கல. விளக்கு மாடத்தில் அட்டையை வைத்து, சோறு தின்ற கையோடு போட்டுக்கிட்டேன். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "மலை ஆளுங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறாது." (இவர்களில் பாதிப் பேர் 'மலையாளி' என்று சாதிச் சான்றிதழில் பார்த்துவிட்டுக் கேரளாவா என்று கேட்பவர்கள்.) வீட்டில் மாமியாரும், "எங்கயோ ஒருநாள் விட்டிருப்ப புள்ள" என்றாள். கடைசியில் நானே அதை நம்பினேன். மகள் பிறந்த கையோடு ஆபரேஷனும் முடிந்தது. இவளை நம்பி மாத்திரை தரமுடியாதாம்.

பல வருசம் கழித்து, மகளிர் குழுக் கூட்டமொன்றில் பேச வந்த டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், ஈரலைத் தூண்டிக் கருத்தடை ஹார்மோனை வேகவேகமாக அழித்துவிடுமாம். அந்த மருந்து சாப்பிடும்போதும், நிறுத்திய பின் நாலு வாரமும் வேறு தடுப்பு வேண்டும். என் மூத்திரத்தைச் சிவக்க வைத்த அதே மருந்து.

மாத்திரையைத் தவறாமல் சரியாகப் போட்டால் ஆண்டுக்கு நூறு பெண்களில் ஒருவருக்குக்கூடக் கரு தங்காது என்கிறது மருத்துவம். நடைமுறையில் ஏழு பேருக்குத் தங்குகிறது. நடுவிலுள்ள அந்த ஆறு சொச்சத்துக்கு 'பயன்படுத்துபவர் தவறு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் கேள்வி அந்தப் பெயரைப் பற்றியதுதான். 70 கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே அட்டை தீர்ந்துபோய், மேலே வராத மாதம் யார் தவறு? ஒன்று மறந்தால் நினைவு வந்ததும் போடணும், ரெண்டுக்கு மேல் விட்டால் ஏழு நாள் ஆணுறை வேண்டும் என்று சொல்லித் தராதது யார் தவறு? கணக்கில் எல்லாம் பெண்ணின் மறதி.

சுகாதாரப் பணியிலிருக்கும் என் சிநேகிதி ஒருத்தி நல்லவள். "எல்லாத்தையும் சொன்னா பயந்து போடவே மாட்டாங்க அக்கா, வேண்டாத பிரசவம் அதைவிட ஆபத்தில்லையா" என்பாள். லேசாகத் தள்ளிவிடக் கூடிய வாதமல்ல. மாத்திரை போடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு இரண்டு பேருக்கு ரத்தம் கட்டி அடைக்கிறது என்றால், இவ்வகை மாத்திரை போடுபவர்களில் ஐந்து முதல் ஏழு பேருக்கு. கர்ப்பத்திலும் பேறு காலத்திலும் அதைவிட அதிகம். அவள் சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் அந்தக் கணக்கை யார் போடுவது? 35 வயசுக்கு மேல் புகைப்பவளும் ரத்தக் கொதிப்புக்காரியும் பச்சைப் பிள்ளைக்குப் பால் கொடுப்பவளும் இதைப் போடக்கூடாது. சொல்லாமல் கொடுத்தால் அவர்களும்தான் போடுவார்கள். எனக்குச் சொல்லியிருந்தால் பயந்து ஓடியிருக்க மாட்டேன், காப்பர்-டி கேட்டிருப்பேன்.

1956இல் புவேர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களுக்கு இம்மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீரியம் இன்றையதைவிடப் பல மடங்கு. சோதனை என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. தலைசுற்றல், வாந்தி என்றவர்களின் பேச்சை மனப்பிரமை என்று ஒதுக்கினார்கள். மூன்று பேர் செத்தார்கள். பிணப் பரிசோதனைகூட இல்லை. 1970இல் அமெரிக்க செனட் விசாரணைக்குள் பெண்கள் எழுந்து நின்று கத்திய பிறகுதான் அங்கே அட்டையோடு எச்சரிக்கைத் தாள் வந்தது.

கருத்தடையை நாம் எதிரிகளிடமிருந்து கடன் வாங்கவில்லை. 1938 நவம்பர் 10 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் அதற்காக அம்பேத்கர் தயாரித்த உரையை ரோஹம் வாசித்தார், தீர்மானம் தோற்றது. நாட்டின் சோற்றுக் கணக்குக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காகக் கர்ப்பத்தடை என்றார் பெரியார். மலையேறி எங்களிடம் வந்து சேர்ந்தது என்னவோ சோற்றுக் கணக்குதான். இன்றும் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை போடுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

அந்த மகளுக்குப் போன வருசம் கல்யாணம். இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப மருந்துக்கு மருந்து ஆகாததால பொறந்தவளாம்மா நான்?" என்றாள். நீ வேண்டாதவள் இல்லை, என்னைக் கேக்காம வந்தவள், அவ்வளவுதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து, நர்சிடம் என்னென்ன கேட்கணும் சொல்லு என்று எழுத உட்கார்ந்தாள்.