அம்பு விட்ட பிறகு

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் ஒரு வேட்டையைச் சொல்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைச் சாய்த்து, மானையும் பன்றியையும் உருட்டி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. எய்தவன் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. ஆடிப்பெருக்கையொட்டி இன்றும் மலைமேல் அவனுக்கு அரசு விழா நடக்கிறது, வில்வித்தைப் போட்டியும் உண்டு. பிள்ளைகளுக்கு வில் பழக்குகிற என்னை அந்தப் பாடல் விடாமல் கேட்பது இதைத்தான்: நேராகப் போன அம்பு யாருடையது?

ஒலிம்பிக்கில் இலக்கு 70 மீட்டர் தள்ளி நிற்கிறது. அதன் விட்டம் 122 செ.மீ. கோணம் ஒரு டிகிரி பிசகினால் அம்பு நடுவிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் விலகி, இலக்கையே தொடாமல் போய்விடும். சரியாக எய்த அம்பும் நேர்கோட்டில் பறப்பதில்லை. வில்லை விட்டதும் மீனைப் போல நெளிந்து, மேலெழுந்து, பிறகு இறங்குகிறது. கோல்ஃபிலும் மட்டை சாய்வான தளத்தில் வளைந்துதான் சுழல்கிறது. அது பந்தைத் தொட்டிருப்பது நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்தக் கணத்தில் மட்டையின் முகமும் அது வரும் பாதையும் இலக்கை நோக்கியிருந்தால் பந்து நேராகப் போகிறது. பிறகு யாரும் அதைத் திருத்த முடியாது.

நாண் முகவாயைத் தொட்டு நிற்கும்வரை பிள்ளைகள் சரியாகத்தான் செய்வார்கள். விடுகிற நொடியில் அம்பு எங்கே போகிறதென்று பார்க்கத் தலை நிமிரும். வில் பிடித்த தோள் ஒரு நூலளவு இறங்கும். அம்பு கீழே போய்விடும். பலனில் வைத்த ஆசை தோளில் இறங்கி வேலை செய்வதை அப்போது கண்ணால் பார்க்கலாம். செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்று கண்ணன் சொன்னது ஒரு வில்லாளியிடம். அதை வெறும் ஆறுதல் மொழியாக என்னால் படிக்க முடியவில்லை. குறி தப்பாமல் எய்யும் முறையே அதுதான்.

ஆனால் நேராகப் போவதாலேயே ஒன்று அறமாகிவிடாது. அம்பு வடிவில் நேரானது, செயலில் கொடியது என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். ஓரியின் அம்பும் ஐந்து உயிரைக் குடித்தது. அவனை நான் வணங்குவது அதற்குப் பின் நடந்ததற்காக. தன் பெயரைச் சொல்லிப் பாணர்கள் புகழ்ந்ததும் அவன் நாணினான். வேட்டையில் கிடைத்த மானின் இறைச்சியையும் மதுவையும், மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அவர்களுக்கு அள்ளிக் கொடுத்தான். எய்த அம்பை எப்படி விட்டானோ, அப்படியே அதன் புகழையும் விட்டான். அந்த வில் கடைசிவரை அவனைக் காக்கவும் இல்லை. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். அதனால் ஓரியின் கொடை பொய்யாகிவிடவில்லை.

விடும்வரை அம்பு நம் பொறுப்பு. விட்டபின் அதில் நமக்குப் பாத்தியதை இல்லை. அதனால்தான் அம்பு தைத்ததும் எத்தனை புள்ளி என்று நான் கேட்பதில்லை. கையை எப்படி விட்டாய் என்றுதான் கேட்கிறேன்.